‘பொறுங்கள்’ என்று எழுதிவிட்டேன்

ஒரு விகுதியைத் தப்பாக மொழிபெயர்த்ததற்காக யாருக்கும் வருடக்கணக்கில் தூக்கம் கெடாது. எனக்கும் கெடவில்லை. ஆனால் பஸ்ஸில் முன்சீட்டுப் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வது காதில் விழும்போது, கல்யாண வீட்டில் யாரோ ஒரு அத்தை மாமாவைப் பந்திக்குக் கூப்பிடும்போது, அந்த ஒரு சொல் வந்து முன்னால் நின்றுகொள்கிறது. ருஷ்ய எழுத்தாளர் செக்காவ் 1899இல் எழுதிய கதை, யால்தா கடற்கரையில் நாயோடு உலாவும் பெண்ணைப் பற்றியது. அதன் கடைசி அத்தியாயத்தில், மாஸ்கோ ஓட்டல் அறை ஒன்றில், அவள் அழுதுகொண்டே ‘பகதீ’ என்கிறாள். நான் அதைத் தமிழில் ‘பொறுங்கள்’ என்று எழுதினேன். அவள் சொன்னது ‘பொறு’.

அவ்வளவுதான் விஷயம். இதற்கு ஏன் இத்தனை நீளக் கட்டுரை என்று கேட்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். எனக்கு இதைச் சொல்லி முடிக்க தில்லியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

எனக்குக் குளிருது

ஜேஎன்யூவில் ருஷ்ய மொழி பி.ஏ.வுக்கு இடம் கிடைத்தது என்று ஊரில் சொன்னபோது எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, “ரஷ்யாவா, டாக்டருக்கா?” இல்லீங்க, மொழி படிக்க. “சரி சரி, மொழி முடிச்சிட்டு அப்பறம் டாக்டருக்கா?” கோபிசெட்டிபாளையம் பக்கம் ரஷ்யா என்றால் எம்.பி.பி.எஸ்.தான். அப்பாவின் அலமாரியில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் ஒரு வரிசை இருந்தன. அந்தக் காகித வாசனையைப் பற்றித் தமிழில் ஏற்கெனவே போதுமான அளவு எழுதியாகிவிட்டது. விட்டுவிடுகிறேன்.

அங்கே ருஷ்யத் துறை, பல்கலைக்கழகத்தைவிட மூத்தது. 1965இல் தில்லியில் தொடங்கிய ருஷ்ய ஆய்வு நிறுவனம்தான் பிற்பாடு ஜேஎன்யூவுக்குள் வந்தது. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இந்தி பேசுகிறவர்கள். பாடம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடக்கும். முதல் பருவத்தில் தமிழ் ஒரு பாரமாகத்தான் இருந்தது. இரண்டு மொழிகளைத் தாண்டித்தான் மூன்றாவதைத் தொடவேண்டும், அதில் நடுவில் இருப்பது எனக்கு அரைகுறை.

பிறகு ஒரு நாள், நான்காம் வேற்றுமைப் பாடம். ‘ம்னே ஹோலத்ன’. பாடநூல் இதை ஆங்கிலத்தில் விளக்க முக்கால் பக்கம் எடுத்துக்கொண்டது: இங்கே எழுவாய் கிடையாது, உணர்கிறவர் கொடை வேற்றுமையில் வருவார், இத்யாதி. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ‘எனக்குக் குளிருது’. இதில் விளக்க என்ன இருக்கிறது? அடுத்த வாக்கியம் ‘ம்னே த்வாத்சத் லேத்’, எனக்கு இருபது வயசு. இந்திக்காரர்களுக்குக் குளிர் விளங்கியது, வயது விளங்கவில்லை. எனக்கு இரண்டுமே கைக்குள் இருந்தன. ‘ஓன் உச்சீத்தெல்’ என்றால் அவர் ஆசிரியர். நடுவில் ‘இருக்கிறார்’ வேண்டாம். எனக்குச் சொந்தமான ஒன்றை ‘என்னிடம் இருக்கிறது’ என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். தமிழ் பேசும் ஒருத்தி ஆங்கிலத்தின் முதுகில் ஏறி ருஷ்யனுக்குப் போவது, கோபியிலிருந்து சத்திக்குப் போக ஈரோடு பஸ் ஏறுவது மாதிரி என்று அன்று தோன்றியது.

உச்சரிப்பிலும் இப்படி ஒன்று கிடைத்தது. ருஷ்யனில் ஓர் உயிரொலி உண்டு, வெளிநாட்டவர் எல்லோரையும் அழவைப்பது. இகரமும் இல்லை, உகரமும் இல்லை. “உகரம் சொல்லுங்கள், ஆனால் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்” என்பார்கள் ஆசிரியர்கள். ‘காது’, ‘பாட்டு’ என்று பேச்சில் சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒன்று வருமே, பத்தாம் வகுப்பில் குற்றியலுகரம் என்று மனப்பாடம் செய்தோமே, கிட்டத்தட்ட அதுதான். தொல்காப்பியம் கட்டணமில்லாமல் செய்து கொடுத்த உதவி. ‘நீ’ என்பதற்கான ருஷ்யச் சொல்லிலும் ‘நீங்கள்’ என்பதற்கான ருஷ்யச் சொல்லிலும் வருவது இந்த ஒலிதான். வேறு வழியில்லாமல் அவற்றை இங்கே ‘தி’, ‘வி’ என்று எழுதுகிறேன். ‘தி’ என்றால் நீ, ‘வி’ என்றால் நீங்கள். நம்மைப் போலவே பன்மையை எடுத்து ஒருவருக்கு மரியாதையாகப் போட்டிருக்கிறார்கள், வினைமுற்றும் கூடவே பன்மையாகும்.

எல்லாம் இப்படிப் பொருந்திவிடவில்லை. நமக்குப் ‘போ’ ஒன்றே போதும். அவர்களுக்குக் கால்நடையாகப் போவது வேறு வினை, வண்டியில் போவது வேறு, ஒரு திசையில் போவது வேறு, போய் வந்துகொண்டிருப்பது வேறு, அத்தனைக்கும் முன்னொட்டுகள் வேறு. அழுத்தம் எந்த அசையில் விழும் என்பதற்கு விதி என்று ஒன்றைச் சொல்லவே மாட்டார்கள். மாஸ்கோவில் ஒரு காபிக் கடையில் கார்டை நீட்டி ‘ப்லாச்சு’ என்றேன். ‘ப்லச்சூ’ என்று கடைசியில் அழுத்தியிருந்தால் ‘பணம் கட்டுகிறேன்’. நான் சொன்னதற்கு அர்த்தம் ‘அழுகிறேன்’. கல்லாவில் இருந்த பெண் முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல் ரசீதோடு கைதுடைக்கும் காகிதம் ஒன்றையும் சேர்த்து நீட்டினாள்.

ஆனால் ‘தி’, ‘வி’ விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது. கூடப் படித்த இந்திப் பையன்கள் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ மூன்றையும் இரண்டுக்குள் எப்படி அடைப்பது என்று முழித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றுக்கு ஒன்று. அந்தப் பாடத்தன்று குறிப்பே எடுக்கவில்லை.

தொப்பியைப் போடு

எம்.ஏ.வின்போது 10 மாதம் மாஸ்கோ. புஷ்கின் பெயரிலான ருஷ்ய மொழி நிறுவனம் நகரத்தின் தென்மேற்கே இருக்கிறது, பெல்யாயவோ மெட்ரோவில் இறங்க வேண்டும். முதல் வகுப்பிலேயே ஒரு சின்ன அதிர்ச்சி. தலை நரைத்த பேராசிரியை, அறுபதைத் தாண்டியவர், என்னைப் பார்த்து ‘வி’ என்றார். நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள், நீங்கள் இதற்கு முன் என்ன வாசித்திருக்கிறீர்கள். பள்ளிக்கூடம், கல்லூரி எதிலும் ஆசிரியர் யாரும் என்னைத் தமிழில் ‘நீங்கள்’ என்றதில்லை. முதல் இரண்டு வாரம் அவர் ‘வி’ என்று கேட்டபோதெல்லாம் வகுப்பு முழுவதையும் கேட்கிறார் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். மக்கு என்று நினைத்திருப்பார்.

நாங்கள் அவரைப் பெயரும் அப்பா பெயரும் சேர்த்துக் கூப்பிடவேண்டும். செக்காவ் என்றால் அன்தோன் பாவ்லோவிச், பாவெலின் மகன் அன்தோன். நம் ஊரில் அப்பா பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னால் புள்ளி வைத்துக்கொண்டு நிற்கும். அங்கே அது வாய் நிறையச் சொல்கிற மரியாதை. ஒரு நாள் பேராசிரியை என் இனிஷியலைப் பார்த்து, இது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ‘ன்’ என்று முடியும் என் அப்பா பெயரோடு ஓர் ‘ஓவ்னா’வை ஒட்டிக் கூப்பிட்டார். வகுப்பே சிரித்தது. ராத்திரி போனில் அப்பாவிடம் சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

வகுப்புக்கு வெளியே ‘தி’ வேறு மாதிரி வந்தது. நவம்பரில் வெறுந்தலையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றால், முன்பின் தெரியாத கிழவி யாராவது வந்து திட்டாமல் போகமாட்டார். “பெண்ணே, தொப்பியைப் போடு!” ‘போடுங்கள்’ இல்லை, ‘போடு’. அந்த ஏவலில் அப்பத்தா வாசனை அடித்தது. தோழி ஒருத்தி தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனாள். அவளுடைய தாத்தா, முன்னாள் பொறியாளர், எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தார். இவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “எங்கே போறே நீ? உட்காரு” என்றாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் பேசாமல் வந்து உட்கார்ந்தார். அங்கே அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, கடவுள் எல்லோருமே ‘தி’தான். எங்கள் வீட்டில் அம்மா நீ, அப்பா நீங்க, சாமி நீ. இந்தக் கணக்குக்கு என்ன விதி என்று தோழி கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது ‘தி’யைப் பார்த்தது ஒரு பேரங்காடி வாசலில். பனியை மண்வெட்டியால் தள்ளிக்கொண்டிருந்தார் ஒருவர். மத்திய ஆசியாவிலிருந்து வேலைக்கு வந்தவர், என் அப்பா வயது இருக்கும். காவலாளிக்கு முப்பதுகூட இருக்காது. “டேய், நீ அந்தப் பக்கம் தள்ளு” என்கிற தொனியில் ஒரு ‘தி’. அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, “நீங்கள் உள்ளே போங்கள்” என்று ஒரு ‘வி’. எனக்கு அந்தத் தொனியைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டியிருக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் வேலை செய்த, தாத்தாவைவிட மூத்த ஒருவரை, பள்ளிக்கூடம் போகிற வயதுப் பையன்கள் ‘வாடா, போடா’ என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவள் நான். நானும் அவரை நீ என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவர் என்னைச் சின்னம்மணி என்றார், ‘வாங்க’ என்றார்.

அதே பருவத்தில் ருஷ்ய நாட்டையும் பண்பாட்டையும் பற்றிய பாடம் ஒன்று இருந்தது. அதில் 1912இல் லேனா தங்கச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வந்தது. சாப்பிட லாயக்கில்லாத இறைச்சியைக் கொடுத்ததில் தொடங்கிய போராட்டம் அது. கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு, எட்டு மணி நேர வேலை ஆகியவற்றோடு, நிர்வாகம் எங்களை ‘தி’ என்று சொல்லக் கூடாது, ‘வி’ என்றுதான் சொல்லவேண்டும் என்பதும் ஒன்று. அந்த ஏப்ரலில் படை வந்து சுட்டது. ஐந்து வருடம் கழித்து, 1917 மார்ச்சில், பெத்ரோகிராத் சோவியத் போட்ட ஆணை எண் 1, படை அதிகாரிகள் சிப்பாய்களை ‘தி’ என்று அழைப்பதைத் தடைசெய்தது. புரட்சி என்றால் அரண்மனை, கொடி, லெனின் என்று நினைத்திருந்தேன். அதன் ஆரம்பப் பக்கங்களில் ஒரு பிரதிப்பெயர் இருக்கிறது. எசமானர்களைப் பற்றி வேலைக்காரர்கள் படர்க்கையிலும் பன்மையில் பேசுவார்களாம், பழைய இலக்கியத்தில் ‘ஐயா தூங்குறாங்க’ என்பதற்குச் சமமான வாக்கியங்கள் வரும். புரட்சிக்குப் பின் அது வழக்கொழிந்துவிட்டது என்று ஆசிரியர் சொன்னபோது, எங்கள் ஊரில் ஒழியவில்லை என்று சொல்ல நினைத்து, சொல்லவில்லை.

ஆக, ‘தி’க்குள் ஒரு அப்பத்தா, ஒரு பேத்தி, ஒரு காவலாளி. இதுவரை எனக்குத் தமிழ் கைகொடுத்தது. தலைக்கனம் இறங்கவில்லை.

பகதீ

மெதுவான வாசிப்பு என்று ஒரு வகுப்பு. ஒரு கதையை 5, 6 வாரம் வைத்துக்கொண்டு வரி வரியாகப் போவது. ‘வி’ என்று என்னைத் திகைக்கவைத்த அதே பேராசிரியைதான். செக்காவ் கதைக்குள் போகுமுன் ஒரு மணி நேரம் வேறு இரண்டு விஷயங்கள் சொன்னார். புஷ்கின் 1828இல் எழுதிய சிறு கவிதை: அவள் வாய் தவறி வெறும் ‘வி’க்குப் பதில் நெஞ்சார்ந்த ‘தி’யைச் சொல்லிவிடுகிறாள், கேட்டவன் கிறங்கிப்போகிறான், ஆனால் அவள் எதிரில் நின்று அவனால் ‘வி’ என்றுதான் பேச முடிகிறது, ‘தி’ எல்லாம் மனசுக்குள். அடுத்தது தல்ஸ்தோயின் ‘அன்னா கரேனினா’. மனைவியின் உறவைப் பற்றி அறிந்த கரேனின் அவளுக்குக் கடிதம் எழுத உட்காருகிறான். ருஷ்யனில் ‘தி’ என்று எழுத மனசில்லை, ‘வி’ என்று எழுதினால் ரொம்பக் குளிர்ந்துவிடும். எனவே பிரெஞ்சில் எழுதுகிறான், அந்த மொழியின் ‘நீங்கள்’ அவ்வளவு குளிராது என்பதால். தல்ஸ்தோய் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்.

பிறகு கதை. வீட்டுப்பாடம் இதுதான்: கதையில் வரும் ஒவ்வொரு உரையாடலையும் உங்கள் தாய்மொழியில் எழுதிக்கொண்டு வாருங்கள், யார் யாரை எப்போது ‘தி’ என்கிறார்கள், எப்போது ‘வி’ என்கிறார்கள் என்று ஓரத்தில் குறியுங்கள். வகுப்பில் சீனா, வியத்நாம், இத்தாலி, துருக்கிப் பிள்ளைகள் இருந்தார்கள். நான் ஒரே ராத்திரியில் முடித்தேன். யால்தாவில் நெருக்கமானதும் கதையின் நாயகன் குரோவ், நாயோடு உலாவும் அன்னாவை ‘தி’ என்கிறான். அவளோ அதே அறையில், அதே நிமிடத்தில், ‘வி’யை விடவில்லை: இனி என்னை முதலில் மதிக்காமல் போகிறவர் நீங்கள்தான் என்கிறாள். ரயிலடியில் விடைபெறும்போதும் ‘வி’. அவளைத் தேடி அவளுடைய ஊர் நாடக அரங்குக்குப் போய் நிற்கும்போது குரோவும் பதறிப்போய் ‘வி’க்குத் திரும்பிவிடுகிறான். ஆங்கில மொழிபெயர்ப்பில் இதில் ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரே சொல். தமிழில் அத்தனையும் உட்கார்ந்தது. புருஷன் ‘நீ’, பெண்டாட்டி ‘நீங்கள்’, நான் பிறந்ததிலிருந்து கேட்டுவந்த பேச்சு. செக்காவ் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதியது மாதிரி இருந்தது.

வகுப்பில் வாசித்தேன். தமிழ் ஓசை எப்படி இருக்கிறது என்று கேட்க எல்லோருக்கும் ஆசை. ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்து, ஓரக் குறிப்பை ருஷ்யனில் சொன்னேன். கடைசி அத்தியாயம். குரோவ் கேட்கிறான், எப்படி இருக்கிறாய் அங்கே, என்ன புதுசு? ‘தி’. அவள் சொல்கிறாள், பொறுங்கள், இதோ சொல்கிறேன், முடியவில்லை. ‘வி’.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். “மூலத்தில் அந்த ஒரு சொல்லை வாசியுங்கள்.”

‘பகதீ.’

“இன்னொரு தடவை.”

‘பகதீ’ என்றேன். சொல்லும்போதே தெரிந்துவிட்டது. ‘வி’ என்றால் ‘பகதீத்தே’ என்று வரவேண்டும். ‘த்தே’ இல்லை. பிரதிப்பெயரே வராத வாக்கியம், வெறும் ஏவல்வினை. கதை முழுக்க ‘வி’ என்றே பேசிய பெண் அழுகைக்கு நடுவில் ஒரே ஒரு சொல்லில் ‘தி’க்கு வந்துவிட்டாள். ஒரு விகுதி குறைந்ததில். எப்போது அந்த இடத்துக்கு வந்தாள், அதற்கு முந்தைய மாதங்களில் அவர்களுக்குள் எத்தனை மதியவேளை போயிருக்கும் என்பதைச் செக்காவ் எழுதவே இல்லை. அந்தச் சொல்லுக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

“இந்தச் சொல் உங்களுக்குத் தெரியும். வினையின் முடிவும் தெரியும். பிறகு ஏன்?” என்று கேட்டார். கண்டிப்பு எதுவும் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எங்கள் மொழியில் பெண் ஆணிடம் இப்படிப் பேசமாட்டாள், எங்கள் மரபு அது, என்று ஏதோ சொல்லி உட்கார்ந்தேன். வியத்நாம் பெண் மட்டும் தலையாட்டினாள். துருக்கிக்காரன் குறிப்பில் அது சரியாக இருந்தது.

கண் அந்தச் சொல்லைப் படித்திருக்கிறது. கை வேறு எழுதியிருக்கிறது. நடுவில் ஆங்கிலம்கூட இல்லை, பழி போட. கோபி வீட்டுச் சமையலறையில் கேட்ட குரல்தான் கையைப் பிடித்து ‘ங்கள்’ போட்டிருக்கிறது.

நீ ஆகியர்

இந்த மரபு விளக்கம் ஒரு வாரம்தான் நின்றது. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் நிறுவனத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்கும் தெரிந்ததுதான். சங்கப் பாடல்களில் ஊறிய துப்யான்ஸ்கி பல வருடம் கற்பித்த இடம். அங்கே தமிழ் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணோடு எனக்குப் பழக்கம். அவள் பேசும் தமிழில் ‘யான் தேநீர் அருந்த விழைகிறேன்’ சாயல் இருக்கும். நான் பதிலுக்குப் பேசும் ருஷ்யனும் அவளுக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் தமிழ், அரை மணி நேரம் ருஷ்யன்.

நடந்ததைச் சொல்லி, தமிழ்ப் பெண் கணவனை நீ என்று சொல்லவேமாட்டாள், அதனால் வந்த வினை என்றேன். அவள் நெற்றியைச் சுருக்கினாள். “ஆனால் குறுந்தொகையில் சொல்கிறாளே?” பையிலிருந்து நகல் எடுத்த தாள்களை எடுத்துப் புரட்டினாள். 49ஆம் பாட்டு, அம்மூவனார். தலைவி தலைவனிடம் சொல்வது. பென்சிலால் அசை பிரித்து வைத்திருந்த அந்தத் தாளிலிருந்து, அவள் ருஷ்ய நாக்கில், மெதுவாக வாசித்தாள்:

“இம்மை மாறி மறுமை ஆயினும் நீயாகியர் எம் கணவனை, யானாகியர் நின் நெஞ்சு நேர்பவளே.”

நீ. நின். இந்தப் பாட்டை நான் பள்ளியில் படித்திருக்கிறேன். ‘அணிற்பல் அன்ன’ என்று தொடங்கும், அணில் பல்லை உவமையாகச் சொன்ன அழகைப் பற்றித்தான் எங்கள் தமிழாசிரியர் பேசினார். இந்த ‘நீ’ காதில் விழவே இல்லை. ஒருவரைப் பன்மையில் விளிக்கும் வழக்கம் நம்மிடமும் பிற்பாடுதான் பரவியது. அவர்களுக்கும் அப்படித்தான், 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மேல்தட்டு மரியாதைகளோடு சேர்ந்து ‘வி’ ஊன்றியது. எங்கள் மரபு என்று நான் மாஸ்கோவில் எழுந்து நின்று அறிவித்தது எங்கள் அப்பா அம்மாவின் காலத்துப் பழக்கம், அவ்வளவுதான். அதை எனக்குச் சொல்ல ஒரு ருஷ்யப் பெண் வரவேண்டியிருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், குறுந்தொகை சொல்லியும் என் காது ஒப்பவில்லை. ‘பொறு, சொல்கிறேன்’ என்று எழுதிப் பார்த்தால், அழுகிற அன்னாவுக்குப் பதிலாக, இடுப்பில் கை வைத்த யாரோ ஒருத்தி தெரிந்தாள். தமிழில் பெண் ஆணிடம் ‘நீ’ என்றால் ஒன்று கூடப்படித்த தோழமை, இல்லையென்றால் சண்டை. அழுகைக்கு நடுவே ஒரு பெண் சொல்லும் ‘நீ’யை நான் கேட்டதே இல்லை.

அந்த வாரம் அம்மாவைப் போனில் கேட்டேன். “அப்பாவ எப்பவாச்சும் நீன்னு சொல்லியிருக்கியா?” கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம்தான் வந்தது. “அதெப்பிடிக் கண்ணு, அவுங்களப் போயி நீன்னு சொல்றது?” சண்டையில்கூடவா? “சண்டைனா பேசவே மாட்டன், அப்பறம் எங்க நீ நீங்க எல்லாம்.” பின்னால் அப்பா என்னவோ கேட்டார். அம்மா போனை நகர்த்திவைத்து அவரிடம், “இருங்க, இதா சொல்றன்” என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பெல்யாயவோவில் விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். நான் எழுதிய வரி, ‘பொறுங்கள், இதோ சொல்கிறேன்’, வார்த்தைக்கு வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது. அந்த ‘ங்க’வில் குளிர் கிடையாது. முப்பது வருடம் ஒரே அடுப்பங்கரையில் இருந்து சூடேறின ‘ங்க’ அது. ‘வி’ என்று அதைக் குறித்தால் ருஷ்யனுக்கும் தப்பு, அம்மாவுக்கும் தப்பு. கரேனினுக்காவது தப்பித்துப் போக பிரெஞ்சு இருந்தது.

ஊருக்குத் திரும்பி, படிப்பு முடித்து, இப்போது ருஷ்யனை வைத்துப் பிழைப்பதில்லை. மருந்துக் கம்பெனிகளுக்கு எப்போதாவது ஆவணம் மொழிபெயர்ப்பேன், அதில் யாரும் யாரையும் ‘தி’ சொல்வதில்லை. போன மாதம் வேறு எதையோ தேடும்போது அந்தக் கதையின் கோப்பு கிடைத்தது. முழுசாக உட்கார்ந்து மறுபடி செய்தேன். அன்னா பேசுகிற எல்லா இடத்திலும் நீங்கள், வாருங்கள், போய்விடுங்கள். அந்த ஒரே இடத்தில் ‘பொறு’வை அடித்துவிட்டு ‘இரு’ என்று போட்டேன். கொஞ்சம் மெத்தென்று இருந்தது. பக்கத்தில் அடிக்குறிப்பு ஒன்றும் எழுதினேன், பேராசிரியை, விகுதி, புஷ்கின் எல்லாம் வைத்து. அச்செடுத்து வைத்திருந்ததை அம்மா மத்தியானத்தில் எடுத்துப் படித்திருக்கிறாள். அடிக்குறிப்பு இருந்த கடைசித் தாள் அச்சு இயந்திரத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தது, அது அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள், “ஏங் கண்ணு, அந்தப் புள்ள கடேசில அவன இருன்னு சொல்லிப்போட்டாளே? அத்தன நேரமும் நீங்க நீங்கன்னுதான இருந்தா.”

“ஆமாம்மா.”

“அழுகைல வந்துருச்சாட்ட இருக்குது.” கத்தியை வைத்துவிட்டு முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வெங்காயம். “அப்பறம் மறுக்காவும் நீங்கன்னு போயிர்றாளா?”

அதற்கப்புறம் கதையில் அவளுக்குப் பேச்சே இல்லை என்று சொன்னேன்.